காஜா பேராங் வீட்டில் ஓர் இடம்

தெங்கேராவிலிருந்து வந்த சைக்கிள் ரிக்ஷாவிலிருந்து முதலில் ஒரு தகரப் பெட்டி இறங்கியது. பின்னால் சங்கச் செயலாளர் மாணிக்கவாசகம் இறங்கினார். கூடத்தில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த நான்கு ஆண்களும் கத்தியை வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள்.

காஜா பேராங் பகுதியில், பெண்டாட்டியை அடித்தவர்கள் தங்கும் வீடு அது. சுதந்திரம் கிடைத்த மறுவருஷம், சங்கக் கூட்டத்தில் சண்டை போட்டு அதைத் திறக்க வைத்தவரே மாணிக்கவாசகம்தான்.

"அடி வாங்கினவள் ஏன் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வரவேண்டும்? அடித்தவன்தான் வெளியேற வேண்டும்!" என்று திறப்பு விழாவில் அவர் பேசியபோது கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

வந்தவர்கள் மூன்று மாதம் தாங்களே சமைத்து, துவைத்து, வேலைக்கும் போய்வர வேண்டும். சாராய வாடையே கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் செயலாளரின் பேச்சைக் கேட்க வேண்டும்.

"ஐயா, இன்னிக்கு எதைப் பத்திப் பேசப் போறீங்க?" என்றான் சுப்பையன், நால்வரில் மூத்தவன்.

"இன்னிக்குப் பேச்சு இல்ல. தொண்டை சரியில்ல."

அவர் நேராகப் பொறுப்பாளர் அஞ்சலையின் அறைக்குப் போனார். அஞ்சலை புருஷனிடம் பதினாறு வருஷம் அடி வாங்கியவள். அவன் செத்த பிறகுதான் நிமிர்ந்து நடந்தாள்.

"இன்னும் ஒருத்தனுக்கு இடம் இருக்குமா, அஞ்சலையம்மா?"

"இருக்கு. ஆளு எங்கே?"

"வருவான். பெட்டி முன்னாடி வந்திருச்சு."

அஞ்சலை நோட்டை மடியில் விரித்துப் பேனாவைத் திறந்தாள். "என்ன வேலை பார்க்கிறாரு?"

"ஆபீஸ்ல கிராணி, கணக்கு எழுதுற வேலை. படிச்சவன்."

"படிச்சவங்கதான் கஷ்டம். சுப்பையன் முதல் நாளே அழுதுட்டான். படிச்சவங்க காரணம் சொல்லிக்கிட்டே இருப்பாங்க."

"இவன் அப்படி இல்ல. நாலு பேரு மதிக்கிறவன்."

"எதால அடிச்சாரு?"

மாணிக்கவாசகம் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "குடையால."

"காயம்?"

"வலது மணிக்கட்டு ஒடிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டிருக்கு."

"பிள்ளைங்க பார்த்துச்சா?"

"இல்ல, கதவு சாத்தியிருந்துச்சு. குழம்புல உப்பு இல்லன்னு ஒரு வார்த்தைதான். அவ எதிர்த்துப் பேசினா. அந்த நேரத்துல எந்த மனுஷனுக்கும்..."

பேனா நின்றது. "நான் காரணம் கேக்கலியே ஐயா."

கூடத்தில் கத்தரிக்காய் எண்ணெயில் விழும் சத்தம் கேட்டது.

"இதான் முதல் தடவையா?"

"இல்ல."

"எத்தனை வருஷமா?"

"ஒம்பது." குரல் அவருக்கே கேட்டிருக்காது.

அஞ்சலை எழுதிக்கொண்டாள். "அந்த அம்மா என்ன சொல்றாங்க?"

"நானும் பிள்ளைகளும் இங்கேதான் இருப்போம், நீ வெளியே போன்னுட்டா. பிள்ளைகளும் அவ பக்கம்." அவர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஒரே ஒரு உதவி, அஞ்சலையம்மா. அவன் பேரை மட்டும் எழுதாம விட்டுடலாமா? ஊருல தலை நிமிர்ந்து நடந்தவன். வெளியே தெரிஞ்சா செத்தே போயிடுவான்."

"பேரு எழுதாம யாரையும் சேர்க்கக் கூடாது. அது நீங்க போட்ட சட்டம்."

"அப்ப... நான் அவன்கிட்ட பேசிட்டு அடுத்த வாரம் வரேன்." மாணிக்கவாசகம் எழுந்துகொண்டார்.

அஞ்சலை நோட்டை அவர் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினாள்.

"கையெழுத்து மட்டும் போடுங்க ஐயா, உங்க வீட்டுக்காரம்மா நேத்தே வந்து இடது கையால உங்க பேரை எழுதிட்டுப் போயிட்டாங்க."