பென்சிலில் போட்ட குடும்பம்

"உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இந்தக் குடல் அழற்சி இருக்கா?"

டாக்டரம்மா கேட்டு வாய் மூடவில்லை. பெரியப்பா கையை நீட்டித் தடுத்தார்.

"எங்க ரத்தத்துலயா? சான்ஸே இல்ல."

எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. மூன்று மாதத்தில் பதினொரு கிலோ குறைந்து, துப்பட்டாவுக்குள் காணாமல் போயிருந்தாள். அம்மா பக்கம் நேற்றே விசாரித்தாயிற்று, யாருக்கும் இல்லை. அப்பா அவள் சின்ன வயதிலேயே விபத்தில் போய்விட்டார். அதனால் அப்பாவின் கூடப்பிறந்தவர்கள் மூன்று பேரையும் இன்று வரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா.

"யோசிச்சுச் சொல்லுங்க. குடல்ல வர்ற காசநோயும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். ஆனா மருந்து வேற. மாத்திக் கொடுத்தா பிள்ளைக்கு ஆபத்து. ரத்த உறவுல யாருக்காவது இருந்தா, இது பரம்பரைச் சாய்வுள்ள நோய்னு நினைக்க எனக்கு ஒரு பிடி கிடைக்கும்."

"அப்போ எங்களுக்கும் வந்துடுமா?" என்றாள் அத்தை.

"குடும்பத்துல இருந்தா எல்லாருக்கும் வரும்னு இல்லம்மா. இல்லாத வீட்டுலயும் வரும். இருந்தா வாய்ப்புக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்."

சொல்லிக்கொண்டே ஒரு தாளில் பென்சிலால் குடும்பத்தை வரைந்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தால் கருப்பு. அந்தப் பெண்ணின் வட்டத்தைக் கருப்பாக்கினார்.

"உங்களுக்கு?"

"எனக்கா?" பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "முப்பது வருஷம் ஹெட்மாஸ்டரா இருந்தவன் நான். ஒருநாள் வயித்துவலின்னு லீவு போட்டதில்ல."

ஹெட்மாஸ்டர் கட்டம் வெள்ளை.

"எனக்கும் ஒண்ணுமில்ல," என்றாள் அத்தை. "என் பொண்ணுக்கு இப்பத்தான் வரன் பேசிட்டிருக்கோம். கண்டதையும் எழுதி வச்சுடாதீங்க. எல்லாம் இவ கடைகடையா ஏறித் தின்னதோட வினை."

"ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போனு," என்று பெரியப்பா சேர்த்துக்கொண்டார். "குடல் என்ன பண்ணும், பாவம்?"

அத்தை வட்டமும் வெள்ளை.

பெண் தாளை எட்டிப் பார்த்தாள். "மொத்தக் குடும்பத்துலயும் நான் ஒருத்திதானா?"

கதவோரம் சாய்ந்து நின்றிருந்த சித்தப்பா தொண்டையைச் செருமினார். தண்ணி லாரி ஓட்டுபவர். அண்ணனும் அக்காவும் அவரை எங்கே கூட்டிப் போனாலும் இரண்டடி தள்ளியே நிற்கவைப்பார்கள்.

"என் கட்டத்துக்கும் மை பூசுங்க டாக்டரம்மா."

பெரியப்பா திரும்பினார். "டேய்! என்னடா உளர்றே?"

"உளறல. ஏழெட்டு வருஷமா இருக்கு. ரத்தம் ரத்தமா போவும்."

சித்தப்பா கட்டம் கருப்பு.

"நாலு பேரு முன்னாடி சொல்ற பேச்சா இது? உனக்கு வெக்கமே கிடையாதா?" அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள், நாற்றம் அடித்ததுபோல.

பெண் அன்றைக்கு முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தாள். "சித்தப்பா, உங்களுக்குமா? லாரில போறப்போ என்ன பண்ணுவீங்க?"

"ஊரு பூரா எங்கெங்க கக்கூஸ் இருக்குன்னு அத்துப்படி. உனக்கும் ஒரு லிஸ்ட் போட்டுத் தரேன், வா."

அவள் சிரித்தே விட்டாள்.

எல்லோரும் வெளியே போனதும் நர்ஸ் கேட்டாள். "அடுத்த டோக்கனைக் கூப்பிடவா மேடம்?"

"கால் மணி நேரம் போகட்டும். எதையாவது மறந்துட்டேன்னு வருவாங்க."

இருபது வருஷ வழக்கம் அது. குடும்பப் படத்தை அவர் பென்சிலால் போடுவதும் அதற்காகத்தான்.

முதலில் பெரியப்பா வந்தார். "கண்ணாடியை வச்சிட்டுப் போயிட்டேன்."

கண்ணாடி மூக்கில் இருந்தது. கதவைச் சாத்தினார். குரல் ஹெட்மாஸ்டரிலிருந்து கடைசி பெஞ்சுக்கு இறங்கியது.

"எனக்கு இருக்கு டாக்டர். பதினெட்டு வருஷமா. வெளியூர்ல போய் டெஸ்ட் எடுத்து மருந்து சாப்பிடறேன். சம்சாரத்துக்கே தெரியாது, சத்து மாத்திரைன்னு சொல்லி வச்சிருக்கேன். தங்கச்சி காதுக்குப் போயிடக் கூடாது."

டாக்டரம்மா அந்தக் கட்டத்தைக் கருப்பாக்கினார்.

அடுத்து அத்தை குடை தேடி வந்தாள். வெளியே மழையும் இல்லை, வெயிலும் இல்லை. கைப்பையின் அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு பழைய ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினாள்.

"அண்ணனுக்கு மட்டும் தெரியவே கூடாதுங்க. அவருக்கு இந்த மாதிரி அசிங்கமெல்லாம் கிடையாது."

ரிப்போர்ட்டில் பெரியப்பா சொன்ன அதே நோய். வட்டமும் கருப்பு.

கடைசியாகச் சித்தப்பா வந்தார். எதையும் மறந்ததாகச் சொல்லவில்லை.

"டாக்டரம்மா, என் கட்டத்தை அழிச்சிடுங்க."

"ஏன்?"

"எனக்கு ஒண்ணும் கிடையாது. கல்லைத் தின்னாலும் செரிக்கிற வயிறு. அத்தனை பேரும் நல்லவங்களா உக்காந்திருக்க, பிள்ளை மட்டும் குத்தவாளி மாதிரி ஒத்தையா இருந்துச்சு. மனசு கேக்கல, சொல்லிப்புட்டேன். அப்புறம் வெளிய போனதும்தான் பயம் புடிச்சிருச்சு, என் பொய்யை நம்பி நீங்க மருந்தை மாத்திட்டா?"

"சரி. அவகிட்ட என்ன சொல்லட்டும்?"

"அவளுக்கு மட்டும் நான் நோயாளியாவே இருந்துட்டுப் போறேன். மாசாமாசம் உங்க வரிசைல கூட வந்து நிக்க ஆள் வேணும்ல."

அவர் போனதும் டாக்டரம்மா ரப்பரை எடுத்து அந்தக் கட்டத்தின் கருப்பை மெதுவாக அழித்தார்.

அப்பாவுடன் பிறந்த மூன்று பேரில், இப்போது வெள்ளையாக இருந்தது அது ஒன்றுதான்.