கதவைப் பிடித்த கை

கார் கடையில் குமுதவல்லி இரண்டு கார்களிலும் உட்கார்ந்து பார்த்தாள். உயரமான சாதாரணக் காரில் நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்து, சட்டென்று இறங்கிவிட்டாள். தாழ்வான சொகுசுக் காரிலிருந்து இறங்கியவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

“அம்மா கதவ விடவே மாட்டேங்கறாங்க பாருங்க சார்,” என்று சிரித்தான் விற்பனையாளன்.

ஆசையில் நிற்கிறாள் என்றுதான் யாருக்கும் தோன்றும். கணவர் வேதமூர்த்தி பூரித்துப்போய் அதையே வாங்கினார்.

அதன்பின் எங்கே கூப்பிட்டாலும், “நீங்க போயிட்டு வாங்க, எனக்கு வீட்ல வேல கெடக்கு,” என்பாள். தங்கை வீட்டுக்குக்கூட வரவில்லை.

அவள் இறந்து மூன்றாம் வருடம், தமக்கும் முழங்கால் வலி வந்த பிறகு, ஒருநாள் அந்தக் காரில் அவளுடைய இருக்கையில் உட்கார்ந்தார். எழுந்தபோது கை தானாகவே கதவைப் பிடித்துக்கொண்டது. வெகுநேரம் விடவில்லை.