குரலை அடக்கும் குளிசை

"குளிசை ஒழுங்காய்க் குடுக்கிறியளோ அம்மா?" என்று கிளினிக்கில் டொக்டர் கேட்டார்.

"ஒரு நாளும் தவறவிடேல்லை ஐயா," என்றாள் கத்தரீனா.

"தம்பி, இப்பவும் அந்தக் குரல் கேக்குதோ?"

"இல்லை டொக்டர். நல்லா நித்திரை வருது," என்று அவள் மகன் சூசைதாசன் சிரித்தான்.

"மூளையில கூடிப்போன ஒரு இரசாயனத்தின்ரை வேலையைத்தான் இந்தக் குளிசை குறைக்குது. நிப்பாட்டினால் குரல் திரும்பவும் வரும். கவனம்."

கத்தரீனாவின் கண் கலங்கியது. சந்தோசத்தில் அழுகிறாள் என்று டொக்டர் நினைத்தார்.

மண்டைதீவு வீட்டுக்கு வந்ததும் குளிசை முழுவதையும் அவள் அடுப்பில் கொட்டினாள்.

மூன்றாவது வாரம், சூசைதாசன் காதைப் பொத்திக்கொண்டு குசினியில் அடுப்படி மூலையில் நடுங்கினான். எண்பத்தாறாம் ஆண்டு மீன்பிடிக்கக் கடலுக்குப் போன மூத்தவனை நேவி பிடித்துக்கொண்டு போனதாய்ச் சொன்னார்கள்; அவன் இன்னும் கரை திரும்பவில்லை. கத்தரீனா ஓடிவந்து இளையவனின் பக்கத்தில் குந்தினாள்.

"அண்ணன் கதைக்கிறானோ ராசா? அவனை எங்கை வைச்சிருக்கினமாம்?"