சோலைக்குப் போகும் வழி

“சோலையைப் பத்தி எழுதினதைக் குடுங்க. அந்தப் படத்தையும் குடுங்க.”

பொன்னம்மாள் கை நீட்டினாள். ‘அவர்கிட்ட எதையும் திருப்பிக் கேட்டுறாத கண்ணு’ என்று அவளுடைய அம்மா இருசாயி நூறு தரம் சொல்லியிருந்தாள். கேட்டாயிற்று.

அருணாசலம் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. கொல்லிமலைப் பங்களாவின் கூடத்தில் மேசை முழுவதும் அவருடைய காகிதங்கள். புதுமணத் தம்பதிகள் பார்க்கவேண்டிய தென்னாட்டுத் தலங்களைப் பற்றி ஒரு வழிகாட்டிப் புத்தகம். 1941 பொங்கலுக்குள் சேலத்தில் அச்சாக வேண்டும். பத்து நாளாக அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்தவள் பொன்னம்மாள்தான்.

“அறப்பளீஸ்வரர் கோயிலை எழுதுங்க. ஆகாய கங்கை அருவியை எழுதுங்க. ஊரே வந்து பார்க்கட்டும், எங்களுக்குப் பெருமைதான். சோலை மட்டும் வேண்டாமுங்க.”

“அதுதானே புத்தகத்துக்கே உயிர்! கோயில் எல்லா ஊர்லயும் இருக்கு. ஜோடியாப் போய் விளக்கேத்துற காடு எங்கே இருக்கு?”

“அது வேடிக்கை பார்க்கிற இடம் இல்லீங்க. எங்க பாட்டன் முப்பாட்டனெல்லாம் வாயைத் திறக்காம காத்த இடம். வெளியாளு ஒருத்தரை விட்டதில்ல. என் முகத்தைப் பார்த்துத்தான் உங்களை விட்டாங்க.”

“விட்டாங்க, பார்த்தேன், எழுதினேன். பி.ஏ. படிச்சவ நீ. சோலைக்குள்ள சாமின்னு நட்டு வச்ச மூணு கல்லுக்குப் போய் இப்படிப் பயப்படுறியே!”

“பயமா? இந்த மலையில முதல் பட்டம் வாங்கினவ நான். அந்த மூணு கல்லைக் கும்பிட்டுட்டுத்தான் பரீட்சைக்குப் போனேன். அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?”

“அப்படிக் கேளு சாமி” என்று வாசலில் நின்ற காவல்காரர் செல்லமுத்து முனகினார்.

அருணாசலம் சிரித்தார். “சரி சரி, கோபப்படாதே. முன்னுரையில ‘உதவிக்கு நன்றி’ன்னு உன் பேரைப் போட்டுடறேன்.”

“உங்க நன்றி யாருக்கு வேணும்?”

மேசையிலிருந்த நான்கு தாள்களையும் படத்தின் கண்ணாடித் தகட்டையும் அவளே எடுத்துக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை.

“தாராளமா எடுத்துக்கோ. வழி எனக்கு மனப்பாடம். நாளைக்குக் காலையில போய் வேற படம் எடுத்துட்டு வருவேன்.”

“போக முடியாதுங்க.”

“யார் தடுப்பா? நீயா?”

பொன்னம்மாள் வாசலுக்குப் போனாள். படியோரம் குனிந்து காய்ந்த புல் ஒன்றைப் பிடுங்கினாள். அதை இரண்டாகக் கிள்ளினாள். திரும்ப உள்ளே வந்து ஒரு துண்டை அவர் எழுதிக்கொண்டிருந்த தாளின் மேல் வைத்தாள். மற்றதைக் காற்றில் விட்டாள். படியிறங்கி நடந்தாள்.

“இதென்னய்யா கூத்து?” என்றார் அருணாசலம்.

செல்லமுத்து இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தலையில் கட்டிக்கொண்டார்.

“துரும்பு கிள்ளிப் போட்டா எங்க மலையில கல்யாணம் தீர்ந்ததுங்க. நேத்தே பெரியவங்களைக் கூட்டிச் சொல்லிட்டா. மாப்பிள்ளைன்னுதான் உங்களைச் சோலைக்குள்ள விட்டோம். இனிமே எல்லையிலயே நிறுத்திருவோம்.”

அருணாசலம் வாசலுக்கு ஓடிவந்தபோது, அவருடைய பதினோரு நாள் மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல் வளப்பூர்ப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தாள்.