பீரோவுக்குள் பக்கத்து வீட்டுக்காரர்

“ஐயையோ, என் வீட்டுக்காரர் வந்துட்டாரு! பீரோவுக்குள்ள போங்க, சீக்கிரம்!”

அவள் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். அவர் புடவைகளுக்கு நடுவே உடம்பை மடக்கிக்கொண்டார். கதவு சாத்திக்கொண்டதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது.

சிரிக்காமல் என்ன செய்யும்? ஊரே விடாமல் பார்க்கும் டிவி காமெடித் தொடர். புருஷன்காரனுக்குப் பயந்து பக்கத்து வீட்டுக்காரர் வாராவாரம் ஒளிவது இந்தப் பீரோவில்தான். ஜனங்களை எதிரே உட்காரவைத்து நேரடியாக ஒளிபரப்புவார்கள். நடிக்கும்போது தும்மினால்கூடத் திருத்த வழியில்லை.

ஆள் ஒல்லி என்பதால் ஸ்டுடியோவில் அவருக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். இன்று அவருக்குக் கடைசி நாள். பக்கத்து வீட்டுக்காரர் போதும், ஊரைவிட்டு அனுப்பிவிடலாம் என்று புரொடியூசர் முடிவுகட்டிவிட்டார். பீரோவிலிருந்து வெளியே வந்து, “நான் ஊருக்கே போறேன்” என்று உருக்கமாக நாலு வரி பேசிவிட்டுக் கிளம்பவேண்டும்.

அந்த நாலு வரிதான் இனி அவருக்குச் சோறு போடவேண்டும். இந்த ஆளுக்கு அழவைக்கவும் வருமா என்று பார்க்க, நாடகக் கம்பெனிக்காரர் ஒருவர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

வெளியே வளையல் குலுங்கியது. அப்புறம் ‘டக்’ என்று ஒரு சத்தம். செட்டை நகர்த்தும்போது கதவு ஆடாமலிருக்கத் தச்சர் வெளிப்பக்கம் அடித்துவைத்த கொக்கி மாட்டிக்கொண்ட சத்தம் அது. அவர் தள்ளிப் பார்த்தார். நல்ல தேக்கு, அசையவே இல்லை.

‘இவளா!’

போன வருஷம் அவள் வசனத்துக்கு நடுவே இவர் தும்மி, அவளுக்கு வரவேண்டிய கைத்தட்டலை அள்ளிக்கொண்டார். அன்றோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இன்று காலையில்கூட எழுத்தாளரிடம் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டிருந்தாள்: “அந்த நாலு வரியைச் சொன்னாத்தானே இவர் கதை முடியும்?” தொலைத்துக்கட்ட என்ன அவசரம் பார் என்று அப்போதே இவருக்கு வயிறு எரிந்தது.

உள்ளே ஒரே புழுக்கம். அந்துருண்டை நெடி வேறு மூக்கை அடைத்தது. அவர் கதவை இடித்தார்.

“எ... என்னடி சத்தம்?” புருஷன் வேஷக்காரரின் குரல் தடுமாறியது. ஒத்திகையில் இல்லாத சத்தம் அல்லவா!

“பூனைங்க.”

“மூச்சு முட்டுது! கதவைத் திறங்க!” என்று ஒட்டடைக்குச்சி அலறினார். நடிப்பு இல்லை, சத்தியமாக நிஜ அலறல்.

“பூனை பேசுமாடி?”

“நான் வளர்த்த பூனையாச்சே, பேசாம இருக்குமா?”

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவர் கெஞ்சக் கெஞ்சச் சிரிப்பு ஏறிக்கொண்டே போனது. நாலு வரி, வெறும் நாலு வரி! அதற்குக்கூட வக்கில்லாமல் போய்விட்டதே என்று அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. பார்க்கத்தான் ஆளில்லை. அதற்குள் முடிவு இசையையும் போட்டுவிட்டார்கள்.

விளக்குகள் அணைந்தபிறகுதான் கொக்கி விலகியது. தொப்பலாக நனைந்து வெளியே வந்தார். முன்வரிசை நாற்காலி காலி.

“பாவி! ஒரு தும்மலுக்கா இந்தப் பழி? என் பிழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேம்மா!”

அவள் ஒரு டம்ளர் தண்ணீரை மட்டும் நீட்டினாள். தொண்டை வறண்டு கிடந்ததால் ரோஷத்தை ஓரமாக வைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

எழுத்தாளர் தலையில் கைவைத்தபடி ஓடிவந்தார்.

“ஆளைப் பீரோவுக்குள்ள வச்சுக்கிட்டே எபிசோடு முடிஞ்சுபோச்சே சார்! நீங்க வெளிய வந்தீங்களா இல்லையான்னு ஜனங்க போன்மேல போன் போடுறாங்க. ‘அவரை எங்கயும் அனுப்பாதே, வாராவாரம் உள்ளயே மாட்டிவிடு’ங்கிறாரு புரொடியூசர். நான் இனிமே என்னத்தை எழுதுறது?” புலம்பிக்கொண்டே போய்விட்டார்.

ஒட்டடைக்குச்சி டம்ளரும் கையுமாக அவளையே பார்த்தார். அவள் வளையல்களைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள்.

“வெளிய வந்திருந்தா, ஊருக்குப் போயிருப்பீங்க.”