மத்தியானத் தாலாட்டு

மத்தியானம் அவள் கண்ணயரும்போதெல்லாம் எங்கிருந்தோ ஒரு தாலாட்டு மிதந்து வரும். கனவுதான் என்று நினைத்து அப்படியே தூங்கிப்போவாள்.

இன்று குட்டி நாயை மருத்துவரின் மேஜையில் கிடத்தியிருந்தாள். சொறிந்து சொறிந்து அதன் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது.

"சோப்பை மாத்தினேன், சாப்பாட்டை மாத்தினேன். அரிப்பு நிக்கவே இல்லை டாக்டர்."

"இந்தச் சனியன் வேண்டாம்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார் கணவர், வாசலிலேயே நின்றபடி. நாயைத் தொட்டதே இல்லை என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமை.

மருத்துவர் நாயின் கழுத்தை முகர்ந்தார். "தைல வாசனை வருதே! அதுதான் இதுக்கு ஒத்துக்கலை. வீட்டுல யாரு தேய்ச்சுக்கறது?"

தோள்வலிக்காரக் கணவர் சட்டென்று விட்டத்தைப் பார்த்தார். அவளுடைய மத்தியானக் கனவு மெல்லக் கண் விழித்தது.

"இனிமே தோளைத் துடைச்சிட்டுத் தாலாட்டுங்க" என்றாள்.