ஏழு மணி சீரியல்

"அக்கா, நேத்து ஏழு மணி சீரியல்ல என்னாச்சு தெரியுமா?"

அன்புக்கரசிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணமாகிச் சேவுகம்பட்டிக்குப் போன தங்கை சத்யபிரியா, ஒரு மாதமாகத் தினமும் சாப்பாட்டு நேரத்தில் திண்டுக்கல் ஆபீசுக்குப் போன் போட்டு இந்தக் கதையைத்தான் அளக்கிறாள்.

"வெண்ணிலாவோட புருசன் மறுபடி அவளை அடிச்சுட்டான்க்கா. செயினையும் வித்துட்டான்."

"உனக்கு வேற பேச்சே இல்லையாடி? மாப்ள எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு. அத்தையும் இந்தா பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க. வெண்ணிலா பாவம்க்கா. அம்மா வீட்டுக்கும் விடமாட்டேங்கிறாங்க."

"எனக்குச் சோறு ஆறுது. வையி!"

போனை மேசையில் போட்டாள். "எந்தங்கச்சி வெண்ணிலா வெண்ணிலான்னு உசுரை வாங்குறா ஜெசிந்தா."

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜெசிந்தா நிமிர்ந்தாள்.

"ஏழு மணிக்கு வருமே, அந்த வெண்ணிலாவாக்கா? நானும் ஒருநாள் விடாமப் பாத்தேன். அது முடிஞ்சு மூணு மாசமாச்சே! இப்ப அந்த நேரத்துல பாட்டுப் போட்டிதானே ஓடுது."

"முடிஞ்சிருச்சா?"

"ஆமாக்கா. அதுல புருசன் தங்கமானவன். அடிக்கவே மாட்டான்."

அன்புக்கரசி பிசைந்த சோற்றை அப்படியே வைத்தாள். ஒரு மாதமாகக் கேட்ட கதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவள் வேறு எப்படிச் சொல்லுவாள்?

கையைக் கழுவிக்கொண்டு பையை எடுத்தாள்.

"எங்கக்கா கிளம்பிட்டீங்க?"

"மானேஜர்ட்ட லீவுன்னு சொல்லிரு. எந்தங்கச்சியைக் கூட்டிட்டு வரப் போறேன்."